முழங்காலுக்குக் கீழே

கௌசல்யா போன் செய்தபோது நான் சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் பிளம்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற கோட்டாட்சியர் அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள். நல்ல பெண். எதையும் நம்பிவிடுவாள் என்பதைத் தவிர வேறு குறை கிடையாது.

"மேடம், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பார்டர் செக்போஸ்ட் போலீசுக்கெல்லாம் சட்டையில கேமரா மாட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அடிச்சாங்களா, அடிக்கலயான்னு இனிமே விசாரணையே வேணாம். படத்தைப் போட்டுப் பாத்தா முடிஞ்சிது."

"ரொம்ப நல்லதும்மா. கேமராவுக்கு சார்ஜ் யாரு போடுவாங்க?"

"அவங்கதான் மேடம்."

"சரி, சரி."

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இந்த விசாரணைகள் எப்படி நடந்தன என்று பத்து நிமிஷம் வந்து பேச முடியுமா என்று கேட்டாள். போனேன், பேசினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், நடுவில் டீ கொடுத்தார்கள், கைதட்டினார்கள். பத்து நிமிஷத்துக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் போலீஸ் இல்லை, வருவாய்த் துறை. பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எங்களைத் திட்டுவதற்கு மக்களுக்கு ஆயிரம் காரணம் உண்டு. அந்த ஆயிரத்தில் வெளியே தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. போலீஸ்காரர் அடித்து ஒருவருக்குப் பலத்த காயம் என்று புகார் வந்தால், அதைப் போலீசே விசாரித்துக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று யாரோ முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். அதனால் கோட்டாட்சியர் விசாரிப்பார். அடிக்க வேண்டிய அவசியம் இருந்ததா, இருந்தால் அளவோடு அடித்தார்களா என்று பார்த்து மேலே அறிக்கை அனுப்புவார். இதற்குப் 'பலப்பிரயோகம் குறித்த விசாரணை' என்று பெயர். அடி என்று எழுதக் கூடாது. அடி என்றால் வலிக்கும்.

எங்கள் கோட்டம் ஆந்திர எல்லையை ஒட்டியது. பேரணாம்பட்டு மாதிரி ஊர்களைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் எங்காவது ஒரு சோதனைச் சாவடி வந்துவிடும். இந்தப் பக்கத்து ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகக் கூடாது, அந்தப் பக்கத்துப் பாக்கெட் சாராயம் இந்தப் பக்கம் வரக் கூடாது என்பதற்காகச் சாவடி. அரிசி போய்க்கொண்டுதான் இருந்தது, சாராயம் வந்துகொண்டுதான் இருந்தது. நடுவில் அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் மொபெட்டில் போனவர்கள். லாரியைத் தடியால் அடித்து என்ன பிரயோஜனம்?

நெமிலி தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள் நான். கிணற்றுக்குத் தடையில்லாச் சான்று எழுதி, புயல் நிவாரணம் எழுதி, தேர்தல் வேலை பார்த்து, எப்படியோ கோட்டாட்சியர் அலுவலகத்தின் இந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் வாரம் பழைய அறிக்கைகளைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். நாலாவது அறிக்கையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, ஒரே சம்பவத்தைத்தான் ஊர் மாற்றி மாற்றி எழுதுகிறார்களோ என்று.

எல்லாச் சாவடியிலும் 'மேற்படி நபர்' நிறுத்தச் சொல்லியும் நிற்க மாட்டார். தகாத வார்த்தைகளால் திட்டுவார். பிறகு கையில் கிடைத்ததை எடுத்துத் தாக்க வருவார். காவலர் தற்காப்புக்காகவும் பொது அமைதிக்காகவும் 'முழங்காலுக்குக் கீழே குறைந்தபட்சப் பலத்தைப்' பயன்படுத்துவார். உடனே மேற்படி நபர் நிலைதடுமாறிக் கல் மீது விழுந்து, தலையிலோ கையிலோ காயம் அடைவார். தடி முழங்காலுக்கு மேலே போனதாக ஒரு அறிக்கையிலும் இல்லை. எங்கள் எல்லையோரம் முழுக்க மக்கள் விழுவதற்கு வசதியாக யாரோ கல் போட்டு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

சாட்சிகளும் அப்படித்தான். சாவடிக்கு எதிரில் கட்டாயம் ஒரு டீக்கடை இருக்கும். கடைக்காரரைக் கேட்டால், "நான் பாக்கல மேடம், அப்போதான் பால் பொங்கிச்சு" என்பார். எங்கள் கோட்டத்தில் எங்கே தடி ஓங்கினாலும் அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையில் பால் பொங்கிவிடும். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் ஒரு நாள் வந்துவிட்டுப் போய்விடுவோம், சாவடி எதிரிலேயே இருக்கும்.

இந்த ஒழுங்கைக் கெடுக்க வந்தவர் ஞானசேகரன் சார். கோட்டாட்சியராக எங்களுக்கு வந்தபோது அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷமே பாக்கி. ஒல்லியான ஆள். குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் தணியும், அதனால் அவருக்குக் கோபம் என்று தெரிந்துகொள்ளவே பக்கத்தில் போய் நிற்க வேண்டும். முதல் விசாரணைக்கு நான் சம்மன்களைத் தயார் செய்துகொண்டு போனேன். எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி, உட்கார வைத்து, வாக்குமூலம் எழுதுவதுதான் வழக்கம்.

"அடி விழுந்தது இங்கயாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார், செக்போஸ்ட்ல."

"அப்ப நாம ஏன் இங்க உக்காந்திருக்கணும்?"

அன்றிலிருந்து சாவடிக்கே போனோம். நாங்கள் வருவது தெரிந்தால் சாவடிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சாலையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவி, நாற்காலியில் வெள்ளைத் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே ஆம்பூர் பிரியாணி சூடாகக் காத்திருக்கும். சார் அதைத் தொட மாட்டார். விசாரிக்கப் போகிற இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்து ஜீப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். கொள்கை அவருடையது, தண்டனை எனக்கும் டிரைவருக்கும். அந்த வாசனையில் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறீர்களா?

இரண்டு விஷயத்தில் அவர் பிடிவாதம் பெரிது. ஒன்று, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். அதுவரை எங்கள் வாக்குமூலங்களில் அடிபட்டவரின் மனைவிகூட 'மேற்படி நபர் எனது கணவர் ஆவார்' என்றுதான் பேசுவாள். "எந்தப் பொண்டாட்டிம்மா புருஷனை மேற்படி நபர்ங்கறா?" என்று என் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு 'எங்க ஊட்டுக்காரரு' என்றால் அப்படியே எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்து.

இரண்டாவது, செய்து காட்டச் சொல்வது. ஜீப்பில் எப்போதும் ஒரு பழைய செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். அதுதான் தடி. அடித்த போலீஸ்காரரிடம் அதைக் கொடுத்து, "நடந்ததைச் சொல்ல வேணாம். செஞ்சு காட்டுங்க" என்பார். அடி வாங்கியவராக அவரே நிற்பார். கோட்டாட்சியரை அடிப்பதா என்று அவர்கள் நெளிவார்கள். விடமாட்டார். "பேப்பர்தானே, அடிங்க."

திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். முதல் தடவை எழுதிக் கொடுத்தபடி வரும், முழங்காலுக்குக் கீழே, மெதுவாக. நாலைந்து தடவை ஆன பிறகு உடம்புக்கு அலுத்துவிடும், தன்போக்கில் செய்யும். ஒருமுறை ஜீப்பில் திரும்பும்போது சொன்னார்: "வாய்க்கு யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்கம்மா. கைக்கு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. அது நடந்ததைத்தான் செய்யும்."

போலீசுக்கு எதிரான ஆள் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. இன்னொரு சாவடியில் அரிசி மூட்டை ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று காவலர்கள் மீதே ஏற வர, ஓட்டியவரின் காலை ஒரு ஏட்டு உடைத்துவிட்டார் என்று புகார். பேப்பர் தடியோடு அந்த ஏட்டு எத்தனை தடவை செய்தாலும் இடப்பக்கம் துள்ளி விலகி, குனிந்து, கெண்டைக்காலில்தான் அடித்தார். பலப்பிரயோகம் சரியானதே என்று சார் எழுதிவிட்டார். நிஜமாகவே முழங்காலுக்குக் கீழே அடித்த ஒரு போலீஸ்காரரை என் சர்வீசில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். அவரே அதை நம்பாமல் எங்களை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவராஜ் விஷயம் அதற்குப் பிறகு வந்தது.

தேவராஜ் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நாற்பது வயது இருக்கும். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோலை மரத்தின் மேல் போட்டு, வளைந்த கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்வது அவர் வேலை. பெரிய தோலுக்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. சின்னத் தோலுக்கும் ஓரங்களுக்கும் கைதான். அந்தக் கத்தியின் மரப்பிடி உளுத்துப்போனதால், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த கடைசல் பட்டறையில் புதுப்பிடி போட்டு, சாக்கில் சுற்றி, மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பியிருக்கிறார். சாவடியில் கை காட்டியிருக்கிறார்கள். அதன்பிறகு நடந்தது வழக்கமான கதைதான். நிற்கவில்லை, திட்டினார், 'பயங்கர ஆயுதத்தை' உருவிக் காவலரைக் கொல்ல வந்தார், முழங்காலுக்குக் கீழே குறைந்தபட்சப் பலம், கல்லில் விழுந்தார், வலது மணிக்கட்டு உடைந்தது.

அதோடு போயிருந்தால் கை மட்டும்தான் போயிருக்கும். அரசு ஊழியரை ஆயுதத்தால் கொல்ல முயன்றதாக அவர் மேல் வழக்கும் போட்டிருந்தார்கள். ஜாமீனில் வந்திருந்தார். கொலைமுயற்சி வழக்கில் இருக்கிற ஆளைக் கம்பெனி உள்ளே விடவில்லை. அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"கை செட் ஆய்டும்னு டாக்டர் சொல்றாரு மேடம். கேசு செட் ஆவாதாமே? உள்ள போய்ட்டா பத்து வருசம்னு வக்கீல் சொல்றாரு. அவரு கோழி அறுக்கக்கூட வெளிய ஆள் தேடுவாரு மேடம். அவரா கொல்லப் போனாரு?"

பலப்பிரயோகம் அவசியம் என்று எங்கள் அறிக்கை சொன்னால், தேவராஜ் கத்தியை ஓங்கினார் என்று நாங்களே சொன்னதாகிவிடும். அவர் ஜெயிலுக்குப் போவது நாங்கள் எழுதப்போகும் தாளில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் அன்று ஜீப்பில் ஏறினேன். 

சாவடியில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அடித்தவர் முத்துக்குமார் என்கிற காவலர். தெற்கத்திப் பையன், எங்கள் பக்கம் மாற்றலாகி வந்து சில மாதம்தான். அவரைவிட அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த எஸ்.ஐ.தான் அதிகம் பேசினார். தேவராஜ் மாவுக்கட்டோடு தள்ளிப் புளியமரத்தடியில் நின்றார். யாரும் உட்காரச் சொல்லாததால் உட்காரவில்லை. சார் துண்டு போட்ட நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் போட்டார். தேவராஜ் அதிலும் உட்காரவில்லை.

டீக்கடை பாய் முதல் சாட்சி. "இன்னா சார் சொல்றது, அன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி. பேஜாரா இருந்துச்சு. பால் வேற..."

"பொங்கிச்சு" என்றார் சார்.

"ஆமா சார்" என்றார் பாய், காப்பாற்றப்பட்ட முகத்தோடு. நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பிறகு கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். சீல் வைத்த சாக்கைப் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அது புதிதில்லை. ஒன்றரை முழ நீளத்துக்கு வளைந்த இரும்புப் பட்டை, இரண்டு முனையிலும் மரப்பிடி. இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளிச் சுரண்டுவது. எஸ்.ஐ.யும் முத்துக்குமாரும் வேறு மாவட்டத்துக்காரர்கள். அடி விழுந்த அன்று சாக்கைப் பிரித்தார்கள், கத்தி இருந்தது, கத்தி என்று எழுதிவிட்டார்கள்.

சார் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "முத்துக்குமார், இப்ப நீங்கதான் தேவராஜ். நான் போலீஸ். வண்டியில உக்காருங்க. கத்தியை எடுத்து என்னை வெட்ட வாங்க."

சாவடியில் பிடித்து வைத்திருந்த தேவராஜின் மொபெட்டில் முத்துக்குமார் ஏறினார். வலது கை ஆக்சிலேட்டரில். இடது கையால் குனிந்து ஒரு பிடியைப் பற்றித் தூக்கினார். மறுமுனைப் பிடி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டது. விடுவித்து ஓங்கினால் கத்தி அவர் பக்கமே திரும்பியது. கடைசியில் வலது கையையும் விட்டுவிட்டு இரண்டு கையாலும் இரண்டு பிடியைப் பிடித்தார். மொபெட் சாய்ந்தது. டிரைவர் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் அறிக்கையில் சொன்னபடி ஒருவர் உண்மையிலேயே கல்லில் விழுந்திருப்பார். சாவடி வாசலில் நின்ற இன்னொரு காவலர் சிரித்துவிட்டு, எஸ்.ஐ. திரும்பியதும் இருமினார்.

"சார், அவன் பழக்கப்பட்டவன். டக்குனு எடுத்துடுவான்" என்றார் எஸ்.ஐ.

"இருக்கலாம்" என்றார் சார். குரல் நன்றாகத் தணிந்துவிட்டது. நான் அவர் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டேன். "முத்துக்குமார், இப்ப நீங்க நீங்களே. நான் தேவராஜ். நான் வர்றேன், நிறுத்துங்க."

அவரே மொபெட்டில் உட்கார்ந்தார். டிரைவர் பின்னாலிருந்து தள்ளினார். முதல் தடவை பேப்பர் தடி ஒழுங்காக அவர் கெண்டைக்காலைத் தடவிவிட்டுப் போனது. "இன்னொரு தடவை." தள்ளினார்கள். "இன்னொரு தடவை." டிரைவருக்கு மூச்சு வாங்கியது. வெயில் ஏறியது. முத்துக்குமாரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எத்தனையாவது தடவை என்று நான் எண்ணவில்லை. டிரைவர் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட, மொபெட் தடுப்பைத் தாண்டி ஒரு கஜம் ஓடி நின்றது. முத்துக்குமார் இரண்டே எட்டில் வந்தார். அவர் கை தோளுக்கு மேலே போனது. பேப்பர் தடி கோட்டாட்சியரின் தலைக்கு நேர் மேலே வந்து அப்படியே நின்றது.

சார் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். "முத்துக்குமார், என் முழங்கால் எங்க இருக்கு?"

 நான் என்னவோ தோன்றிப் புளியமரத்தடியைப் பார்த்தேன். தேவராஜின் இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. மாவுக்கட்டுப் போட்ட கை வெளிப்பக்கம், மணிக்கட்டு மேலே, கீழே இடது கை. அவரை யாரும் செய்து காட்டச் சொல்லவில்லை. அவரை யாரும் பார்த்துக்கொண்டுகூட இருக்கவில்லை. இருபதடி தள்ளி, வேறொருவர் தலைக்கு ஓங்கிய பேப்பருக்கு அவர் தன் தலையை மூடிக்கொண்டு, கண்ணை இறுக்கி நின்றார். 

"இதையும் எழுதிக்கோங்கம்மா" என்றார் சார். "யாரும் சொல்லாம கை மேல போச்சுன்னு எழுதுங்க."

முத்துக்குமார் பேப்பரைக் கீழே விட்டார். "ஐயா, வண்டி தாண்டிப் போகவும் நிக்க மாட்டான்னு நெனச்சிட்டேன். கத்தியெல்லாம் நான் அப்ப பாக்கவே இல்லைய்யா. சாக்கு பிறகுதான்..."

"டேய்" என்றார் எஸ்.ஐ.

"அவரைப் பேச விடுங்க" என்றார் சார்.

முத்துக்குமார் பேசினார். நான் எழுதினேன். வண்டிக்கு பிரேக் சரியில்லை என்பதும், அது தடுப்பைத் தாண்டி நின்றது என்பதும், நின்ற பிறகே அடி விழுந்தது என்பதும் அதில் இருந்தன. படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். அழுதுகொண்டே போட்டார் என்பதை நான் எழுதவில்லை. அதைக் கேள்வியாக யாரும் கேட்கவில்லை.

பலப்பிரயோகம் அவசியமற்றது என்று அறிக்கை போனது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மேற்படி ஆயுதம் இரு கைகளாலும் பிடிக்கத்தக்கது எனில், ஒரு கையால் பிடிக்கும் ஆயுதத்தைவிட அது இருமடங்கு அபாயகரமானது எனக் கருதலாகாதா என்று கேட்டிருந்தார்கள். நான் அதை மூன்று தரம் படித்தேன். சார் ஒரு தரம் படித்துவிட்டுப் பதில் சொல்ல, எழுதினேன்: 'மொபெட் ஓட்டிக்கொண்டே இரு கைகளாலும் கத்தி பிடிக்கும் நபரைத் தடுக்கத் தடி தேவையில்லை. அவரே விழுந்துவிடுவார்.' கொஞ்சம் மென்மையாக எழுதலாமா சார் என்று கேட்டேன். "இதுதாம்மா குறைந்தபட்சப் பலம்" என்று கையெழுத்துப் போட்டார்.

தேவராஜ் மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது. அந்த உத்தரவின் நகலை வாங்க அவர் வந்தபோது, அவர் மனைவி அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தாள். சார் அன்றும் சாப்பிடவில்லை. பிறகு யாருக்கும் தெரியாமல் என் மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

சார் சீக்கிரமே மாற்றப்பட்டார். நிலம் எடுப்புப் பிரிவு, யாரும் யாரையும் தடியால் அடிக்காத இடம். அவருடைய அனுபவத்துக்கு உகந்த பொறுப்பு என்றார்கள். பழைய அலுவலகம் தரைத்தளம், புதியது மூன்றாவது மாடி. முத்துக்குமாரை ஆயுதப்படைக்கு அனுப்பினார்கள். எஸ்.ஐ. பற்றி எனக்குத் தகவல் இல்லை, அதாவது நன்றாக இருந்தார்.

எங்கள் அறிக்கையிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளாமலும் இல்லை. ஒரு சுற்றறிக்கை வந்தது. தோல் தொழிலாளர்கள் கத்தியை எல்லைக்கு அப்பால் எடுத்துச் சென்றால் கம்பெனியின் சான்று வைத்திருக்க வேண்டும், பலப்பிரயோக அறிக்கைகளில் ஆயுதத்தின் கைப்பிடிகள் எத்தனை என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றது. அடுத்து வந்த அறிக்கையை ஆவலாகப் பிரித்தேன். 'ஒரே கைப்பிடி கொண்ட கத்தியுடன்' தாக்க வந்திருந்தார் மேற்படி நபர். அதற்கடுத்ததிலும் ஒரே கைப்பிடி. நாங்கள் பாடுபட்டு வெளியே கொண்டுவந்த உண்மை, அடுத்த பொய்யை எழுதுகிறவர்களுக்குப் பயிற்சியாகிவிட்டது. அன்று எனக்கு வந்த கோபத்தை நான் கௌசல்யாவின் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. டீ கொடுத்துக் கைதட்டுகிறவர்களிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

ஓய்வு பெறும்வரை அந்தப் பிரிவிலேயே இருந்தேன். பிறகு வந்த அதிகாரிகள் அலுவலகத்திலேயே விசாரித்தார்கள். மலைச்சாலை அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் தோழி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆந்திரப் பக்கம் போகப் பஸ்ஸில் அதே மலைச்சாலையில் ஏறினேன். சாவடியில் பஸ் நின்றது. பாயின் கடையில் அவர் மகன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு இளம் காவலர், நல்ல பையன் மாதிரி முகம், நெஞ்சில் சின்னதாய்க் கறுப்பாய்க் கேமரா. வருகிற வண்டிகளை, "போங்கண்ணா, போங்க" என்று சிரித்தபடி அனுப்பிக்கொண்டிருந்தார். கௌசல்யா சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றியது.

எதிரிலிருந்து ஒரு மொபெட் வந்தது. முன்னால் சாக்கில் சுற்றிய ஏதோ. ஓட்டி வந்தவருக்குத் தலை நரைத்திருந்தது. வலது மணிக்கட்டைப் பார்த்ததும்தான் தேவராஜ் என்று தெரிந்தது. அது கோணலாகவே கூடியிருந்தது.

காவலர் அவரை நிறுத்தவில்லை. போகச் சொல்லித்தான் கையைத் தூக்கினார். தூக்கிய அந்த நொடியில் தேவராஜின் வலது கை ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே போனது. மணிக்கட்டு வெளிப்பக்கம், உள்ளங்கை தலையைப் பார்த்து. வண்டி ஆடியது. காலை ஊன்றிச் சமாளித்தார். பிறகு கை எங்கே இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல் இறக்கிக்கொண்டு, பஸ்ஸைக் கடந்து போனார். ஜன்னலோரம் நான் இருந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்தக் காவலருக்கு எதுவும் புரியவில்லை. பெரியவர் தனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமாகச் சிரித்து, பதிலுக்கு அவரும் சல்யூட் வைத்தார்.

கேமராவில் சார்ஜ் இருந்திருக்கும், கௌசல்யா. படம் தெளிவாகவே விழுந்திருக்கும்.